ஊர்க் கடைகளா, அப்வொர்க்கா?

வெப் டிசைன் கற்றுவிட்டு, சம்பள வேலைக்குப் போகாமல் தனியாகச் செய்ய நினைப்பவருக்கு வேலை வரும் வாசல் இரண்டு. ஒன்று, வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் அப்வொர்க், ஃபைவர் மாதிரியான தளங்கள். இன்னொன்று, சொந்த ஊரின் ஜவுளிக்கடையும் பல் ஆஸ்பத்திரியும் டியூஷன் சென்டரும். ஈரோட்டில் இருந்துகொண்டு இரண்டு வாசலிலும் நின்று பார்த்தவன் நான்.

பணம் கைக்கு வந்து சேர்வதில் தளங்கள்தான் மேல். அப்வொர்க்கில் மொத்தத் தொகை பேசி எடுக்கும் வேலை என்றால், வாடிக்கையாளர் முதல் கட்டத்துக்கான பணத்தைத் தளத்திடம் கட்டிய பிறகு நாம் கை வைத்தால் போதும். முடித்து அனுப்பியபின் அவர் 14 நாள் வாயே திறக்காவிட்டாலும் பணம் தானாக வந்துவிடும். ஃபைவர் 20 சதவீதம் பிடித்துக்கொள்கிறது; 100 டாலர் வேலைக்கு நமக்கு 80. அப்வொர்க்கில் விண்ணப்பம் போடவே 'கனெக்ட்' என்ற டோக்கன் செலவாகும், வேலை கிடைக்காவிட்டால் அதுவும் போச்சு. ரிவ்யூ ஒன்றுகூட இல்லாத கணக்கை எட்டிப் பார்ப்பவரும் குறைவு. பாடுபட்டுச் சேர்த்த ரிவ்யூவை வேறு தளத்துக்குத் தூக்கிக்கொண்டும் போக முடியாது.

ஊர் வேலையில் கமிஷன் கிடையாது. ஆனால் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்காமல் தொடங்கினால், "அடுத்த வாரம் பாத்துக்கலாங்க தம்பி" என்பதைப் பல வாரம் கேட்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய இழுவை, வெப்சைட்டில் போட வேண்டிய விஷயம் வந்து சேர்வது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் "மேட்டர் ரெடி" என்று பென்டிரைவைக் கொடுத்தார். நோட்டீஸுக்காக அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது; ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிடும் வகை அது. வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒட்டினால் முழுக்க ஆங்கில எழுத்து, மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. இணையத்தில் எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி முடிக்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்குக் கூலி கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது கொட்டேஷனிலேயே 'தமிழ் மேட்டர் தட்டச்சு' என்று தனி வரி போடுகிறேன்.

சரி, எதில் தொடங்குவது? என் ஓட்டு ஊருக்குத்தான். அப்வொர்க் கணக்கில் காட்டவே நாலு உண்மையான வெப்சைட் வேண்டுமே! அப்புறம், டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் சர்வர் இடம்), பராமரிப்பு என்று வருடா வருடம் ரெனியூவல் பணம் வரும். புது வேலை இல்லாத மாதத்தில் வீட்டு வாடகைக்கு அதுதான் எனக்குக் கைகொடுத்தது. டொமைனை மட்டும் கடைக்காரர் பெயரிலேயே வாங்குங்கள். நம் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டால் அவர் போக மாட்டார் என்று சிலர் நினைக்கிறார்கள். சண்டை வந்தால் பஜார் முழுக்க நம் பெயர்தான் கெடும்.

அந்த ஜவுளிக்கடைக்காரர் பாக்கியை ஐந்து மாதம் கழித்துத்தான் தந்தார். ஆனால் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அவர் மச்சானை அனுப்பிவைத்ததும் அவரேதான். மச்சான் முதல் நாளே அட்வான்ஸ் கொடுத்தார், கூடவே ஒரு பென்டிரைவும்.