பாஹா பாலைவன மிஷன்கள்: தனியாகவா, குழுவோடா?

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் பழைய மிஷன்கள், அதாவது கிறிஸ்தவப் பாதிரிமார் மதம் பரப்ப அமைத்த குடியிருப்புகள், பல உண்டு. அவற்றில் லொரேத்தோ (தொடங்கியது 1697), சான் இக்னாசியோ (1728) இரண்டும் தார்ச்சாலை போட்ட ஊர்கள். சாதாரண காரில் தனியாகவே போகலாம். காசும் மிச்சம், சான் இக்னாசியோவின் பேரீச்சை மர நிழலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

சான் போர்ஹா கதையே வேறு. 1762-இல் இயேசு சபையினர் தொடங்கிய மிஷன். கல் கோயிலை டொமினிக்கன் சபையினர் 1801-இல் கட்டி முடித்தார்கள். அங்கே போவது கல்லும் மணலுமான மண்பாதையில், நடுவே ஆளுயரத்தை மிஞ்சிய கள்ளிகள். மணலுக்காக டயரில் காற்றைக் குறைத்தால் மறுபடி அடிக்கப் பம்பை நாமே கொண்டுபோகலாம், சரி. வண்டி புதைந்தால்? இழுக்க இன்னொரு வண்டி குழுவில்தான் உண்டு. முன்வண்டிப் புழுதியைத் தின்றாலும் இந்த வழிக்கு நான் குழுவோடுதான் போவேன்.