செங்கோட்டையில இருந்து திருவனந்தபுரம், பெங்களூர்: வாடகைக் கார்ல வருஷக்கணக்கா போய்வந்த அனுபவம்

அம்மாவுக்கு திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்துல இருக்கற ஆர்சிசில (ரீஜினல் கேன்சர் சென்டர்) ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சதுல இருந்து எங்களுக்கு வாடகைக் கார்தான். இடையில தங்கச்சி வீட்டுக்கு பெங்களூர், மதுரை ஏர்போர்ட், கொச்சின்னும் நிறைய போயிருக்கோம். சொந்தக் கார் கிடையாது, பஸ்ஸுக்கு அம்மா உடம்பு தாங்காது, ட்ரெயின்னா கொல்லத்துல இறங்கி மாறி ஏறணும், டாக்டர் வரச் சொல்ற நேரத்துக்கு அதெல்லாம் சரிப்படாது. எங்க பக்கத்துல இருந்து இப்படிப் போறவங்க ரொம்பப் பேரு, எல்லாரும் முதல்ல ரேட்டைத்தான் கேக்காங்க, அதனால அதை முதல்ல சொல்லி முடிச்சிடறேன், நான் சொல்ல வந்தது டிரைவரைப் பத்தி.

எங்க வீட்ல இருந்து மெடிக்கல் காலேஜ் வாசல் வரைக்கும் நூறு கிலோமீட்டர் சொச்சம். புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவுன்னு ஏறி இறங்கி, தென்மலைல கொல்லம் ரோட்டை விட்டுட்டு இடது பக்கம் திரும்பி குளத்துப்புழா, மடத்தரை, பாலோடு, நெடுமங்காடு. போக வர 210, 215 வரும். ஆனா போய்த் திரும்புற ட்ரிப்புக்கு நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர்னு கணக்கு, ஓடினாலும் ஓடாட்டாலும் 250க்கு காசு கொடுக்கணும். செடானுக்கு கிலோமீட்டர் 14 ரூபான்னு வச்சா 3500, அதுக்கு மேல டிரைவர் பேட்டா, கேரளா பர்மிட், பார்க்கிங். மிச்சம் இருக்கற முப்பத்தஞ்சு, நாப்பது கிலோமீட்டருக்கும் நாம காசு கொடுத்தாச்சு, அதனால மருந்து வாங்கவோ சொந்தக்காரங்களைப் பாத்துட்டு வரவோ கொஞ்சம் சுத்துறதுக்கு யோசிக்க வேண்டாம்.

புக் பண்ணும்போது ரெண்டு விஷயம் வாய்விட்டுக் கேட்டுக்கணும். கிலோமீட்டர் எங்க இருந்து ஆரம்பிக்குது, நம்ம வீட்டு வாசல்ல இருந்தா இல்ல ஷெட் டு ஷெட்டா, ஏன்னா தென்காசில இருந்து வண்டி வந்தா அந்தத் தூரமும் திரும்பிப் போற தூரமும் நம்ம கணக்குலதான் ஏறும். இன்னொண்ணு ஒரு நாள்னா என்னன்னு. சில பேரு 24 மணி நேரம்னு சொல்லுவாங்க, நிறைய பேரு ராத்திரி 12 டு 12தான், அப்ப ராத்திரி 10 மணிக்கு பெங்களூர் கிளம்பினா அந்த ரெண்டு மணி நேரமே ஒரு நாளு, ஒரு பேட்டா, மினிமம் கணக்குல ஒரு 250. விடியக்காலம் 3 மணிக்குக் கிளம்புறதுதான் எங்களுக்கு கட்டுப்படி ஆச்சு.

பர்மிட் கதையும் அப்படித்தான், வண்டிக்கு ஆல் இந்தியா பர்மிட் இருக்கா இல்ல ஒவ்வொரு தடவையும் ஆன்லைன்ல கேரளாவுக்கு டாக்ஸ் கட்டிட்டு வாராங்களா, அந்தக் காசு யாரு தலைல விழுதுன்னு முன்னாடியே பேசிடணும். ஒரு தடவை ரேட் குறைச்சு சொன்னாங்கன்னு ஒரு கம்பெனில புக் பண்ணோம், காலைல வாசல்ல வந்து நின்னது வெள்ளை போர்டு வண்டி. அந்தப் பையன் ரொம்ப சாதாரணமா, "செக்போஸ்ட்ல கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்கக்கா"ங்கான். அப்படியே திருப்பி அனுப்பிட்டோம். சொந்த உபயோகத்துக்குன்னு எடுத்த இன்சூரன்ஸ், வாடகைக்கு ஓட்டும்போது ஏதாவது ஆச்சுன்னா கைவிரிச்சிரும், அதுவும் முடியாத ஆளைப் படுக்க வச்சு மலைப்பாதைல கூட்டிட்டுப் போறோம், கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா மிச்சம் பண்ண இதையெல்லாம் பணயம் வைக்க முடியுமா? மஞ்சள் போர்டு இல்லைன்னா ஏறவே ஏறாதீங்க.

இப்ப டிரைவர் விஷயம். பெங்களூருக்கு ஒரு ஏஜென்சி மூலமா போனப்ப, வண்டி பளபளன்னு புதுசு, ஏசி நல்லா இருந்துச்சு, டிரைவரும் மரியாதையான ஆளு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. திண்டுக்கல் தாண்டினதும் கண்ணாடியை இறக்கி விட்டாரு, முகத்தைத் துடைச்சாரு, வண்டி லேசா வெள்ளைக் கோட்டுப் பக்கம் போயிப் போயி வருது. என்னண்ணே தூக்கமான்னு கேட்டா, சென்னை ட்ரிப் முடிச்சிட்டு நேத்து சாயங்காலம்தான் வந்தாரு, ரெண்டு மணி நேரம் கூட படுக்கல, அதுக்குள்ள இந்த ட்ரிப்பை தள்ளி விட்டுட்டாங்கன்னு தயங்கித் தயங்கி சொல்றாரு. அடுத்த டோல்கேட் தாண்டி ஓரமா நிப்பாட்டி அவரைத் தூங்க வச்சிட்டு நாங்க டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தோம். அவர் மேல எனக்குக் கோபம் வரல, அனுப்பினவங்க மேல வந்துச்சு, இப்பவும் இருக்கு. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துல நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஓட்டுறதுக்குள்ள அரை மணி நேரமாவது ஓய்வுன்னு இருந்துச்சு. ட்ரிப் ஷீட்ல அதை யாரு பாக்காங்க?

அதுக்கப்புறம் புக் பண்றப்ப என்ன வண்டி, என்ன மாடல்னு கேக்கறதுக்கு முன்னாடி, எந்த டிரைவர் வாராரு, அவரு நம்பர் கொடுங்கன்னு கேட்டு நேரா அவருகிட்டயே பேசிடறேன். கம்பெனி நம்பர் தரமாட்டேன்னா அந்தக் கம்பெனி வேண்டாம். இப்ப ஊர்லயே சொந்த வண்டி வச்சிருக்கற ஒரு அண்ணாச்சி கிடைச்சிருக்காரு, முந்தின நாள் போன் போட்டு "அண்ணாச்சி, இன்னைக்கு எங்க ட்ரிப்பு, எப்ப வந்து படுப்பீக?"ன்னு கேப்பேன், அவரும் தப்பா எடுத்துக்க மாட்டாரு. ஒரு தடவை "நாளைக்கு முடியாதும்மா, நான் ராத்திரி பூரா முழிச்சிட்டேன், என் மச்சினனை அனுப்புதேன்"னு அவரே சொன்னாரு, அன்னையில இருந்து வேற யாரையும் கூப்பிடத் தோணல.

எஸ் வளைவுல எம்சாண்ட், கல்லு ஏத்தின லாரி வரிசையா ஏறும் பாருங்க, அங்கதான் டிரைவரோட தரம் தெரியும். அண்ணாச்சி லாரிக்குப் பின்னாடி முட்டிக்கிட்டுப் போகாம ஒரு வண்டி இடைவெளி விட்டு, இறங்கும்போது பிரேக்கை அமுக்கி அமுக்கி எடுக்காம கியர்லயே இறக்கிட்டுப் போவாரு, அம்மாவுக்கு வயித்தைப் பிரட்டாது. கீமோ முடிச்சு வர்ற அன்னைக்கு எப்படிப் போனாலும் வாந்திதான், குளத்துப்புழா பக்கத்துல ஒரு தடவை சீட்லயே ஆயிருச்சு, நான் பதறிட்டேன், அவரு வண்டிய ஓரம் கட்டி தண்ணிய எடுத்துட்டு வந்து "இருக்கட்டும் ஆச்சி, இருக்கட்டும்"னு சொல்லிக்கிட்டே துடைச்சாரு. மனசு நெறைஞ்சு போச்சு எனக்கு.

ராத்திரி தங்க வேண்டி வந்தா டிரைவர் வண்டிக்குள்ளயே கொசுக்கடில படுத்துக்குவாருன்னு விட்டுடாதீங்க. மெடிக்கல் காலேஜ் சுத்தி சின்னச் சின்ன லாட்ஜ் இருக்கு, பேட்டாவுக்கு மேல ஒரு படுக்கைக்குக் காசு கொடுத்திடுங்க, மறுநாள் மலை இறக்குறது அவருதான்.

வண்டின்னு பாத்தா மூணு பேருக்கு டிசையர், எட்டியோஸ் போதும். சிஎன்ஜி வண்டின்னா முன்னாடியே கேட்டுக்கோங்க, டிக்கில சிலிண்டர் உக்காந்திருக்கும், வீல்சேர் வைக்க இடம் இருக்காது. பின் சீட்ல கவர் போட்டு பெல்ட் பக்கிளை உள்ள அமுக்கி வச்சிருப்பாங்க, ஏறும்போதே எடுத்து விடச் சொல்லுங்க. முன் சீட்டுக்காரங்க பெல்ட் போடலைன்னா கேரளாவுல 2023 ஜூன்ல இருந்து ஏஐ கேமரா புடிச்சு 500 ரூபா போட்டுரும். மஞ்சள் போர்டு வண்டிக்கு 80ல ஸ்பீடு கவர்னர் இருக்கு, அதனால பெங்களூருக்கு மேப் 10 மணி நேரம்னு காட்டினாலும் நான் 12, 13 மணி நேரம்னுதான் வீட்ல சொல்லிட்டுக் கிளம்புவேன், அப்பதான் டிரைவரை யாரும் விரட்ட மாட்டாங்க.

குத்தால சீசன்ல சனி ஞாயிறு வண்டி கிடைக்கறது கஷ்டம். கார்த்திகை பிறந்துட்டா மகர விளக்கு வரைக்கும் எல்லா வண்டியும் சபரிமலைக்குப் போயிரும், டிரைவர்களும் தூக்கம் இல்லாம ஓடுற மாசம் அது. அந்த ரெண்டு மாச செக்கப் தேதியை நாங்க ஐப்பசிலயே அண்ணாச்சிகிட்ட சொல்லி வச்சிருவோம், முந்தின நாள் வேற ட்ரிப் எடுக்காம இருக்கறதுக்கு அரை நாள் காசு சேர்த்துக் கொடுத்திடறோம்.