ரோமத் தளபதிகள் நகல் காசுத் தொகுப்பு: நான்கில் மூன்று தேறும்

கோவைக் கண்காட்சிகளில் கிடைக்கும் இந்தத் தொகுப்பில் சீசர், ஆண்டனி, அகஸ்டஸ், திபேரியஸ் நால்வரின் தினாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) நகல்கள் இருக்கின்றன. வெள்ளி முலாம் பூசிய பித்தளை. விலை 1,400 ரூபாய்.

சீசர் காசுக்கே பாதிப் பணம் தரலாம். கி.மு. 49-இல் ரூபிகான் ஆற்றைத் தாண்டி உள்நாட்டுப் போரில் இறங்கியவர், படைக்குச் சம்பளம் போட அடித்த காசு இது. யானை பாம்பை மிதிக்கிறது. மறுபுறம் தலைமைப் பூசாரியின் கரண்டி, கோடரி, தொப்பி. அச்சில் அடித்ததால் துதிக்கையின் வளைவுகூடக் கூர்மையாக நிற்கிறது.

அகஸ்டஸ் காசில் மண்டியிட்ட பார்த்தியன் (ரோமின் கிழக்கு எதிரியான பார்த்தியப் பேரரசின் ஆள்) படைக்கொடியை நீட்டுகிறான். கி.மு. 53-இல் கர்ரே போரில் ரோமத் தளபதி கிராசஸ் பறிகொடுத்தவை அந்தக் கொடிகள். தொகுப்போடு வரும் கையேடு இதைப் போர் வெற்றி என்கிறது, தவறு. கி.மு. 20-இல் பேச்சுவார்த்தையில்தான் திரும்பின.

ஆண்டனி காசுதான் சொதப்பல். அச்சில் அடிக்காமல் உருக்கி ஊற்றிய வார்ப்படம். பவுண்டரி வேலை தெரிந்தவர்களுக்கு விளிம்பே போதும்: சுற்றிலும் பார்ட்டிங் லைன் (வார்ப்பின் இரு பாதிகள் சேரும் கோடு), முன்புறக் கப்பலின் துடுப்புகளுக்கு நடுவே புளோ ஹோல் (காற்றுக் குமிழிக் குழி). பின்புறக் கழுகுக்குக் கீழே லீஜியன் (ரோமப் படைப்பிரிவு) எண் மழுங்கிவிட்டது. கி.மு. 31 ஆக்டியம் போரையொட்டி லீஜியன் வாரியாக எண் போட்டு அடித்த வரிசை இது. எண் தெரியாவிட்டால் வாங்குவதில் அர்த்தமே இல்லை. அசலில் வெள்ளி மட்டம் குறைவு. ஆகவே நல்ல காசை முடிந்து வைத்துக்கொண்டு இதைத்தான் செலவழித்தார்கள், தேய்ந்த காசுகளே அதிகம் கிடைக்கின்றன.

திபேரியஸ் நம் மண்ணுக்கு நெருக்கம். 1842-இல் வெள்ளலூரில் கிடைத்த 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸும் திபேரியஸும்தான். செங்கோலோடு அமர்ந்த பெண் உருவம் நகலில் நன்றாக வந்திருக்கிறது.

அடித்த மூன்றும் நகைக்கடைத் தராசில் 3.7 முதல் 3.9 கிராம், அசலுக்குச் சரி. ஆனால் பித்தளை வெள்ளியைவிட லேசு. எடையை ஈடுகட்ட ஐந்தில் ஒரு பங்கு தடிமன் கூட்டியிருக்கிறார்கள்.

பெரிய குறை, எதிலும் ‘நகல்’ முத்திரை இல்லை. கரூர் அமராவதி மணலில் அசல் ரோமக் காசே கிடைக்கும் நாட்டில் இது ஏமாற்றுக்காரர்களுக்கு வசதி. தயாரிப்பாளர் கட்டாயம் திருத்த வேண்டும்.

வெள்ளிச் சாமான் என்று விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். மெல்லிய பருத்தித் துணி போதும். பணம் கொடுக்குமுன் ஆண்டனியின் விளிம்பைப் பாருங்கள். கோடு தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள்.