கிராஸோவர் வீடியோ கேம்கள்: நெடுநாள் விளையாடிய பின் ஒரு மதிப்பீடு

வெவ்வேறு தொடர்களைச் சேர்ந்த கதாபாத்திரங்களை ஒரே ஆட்டத்தில் சந்திக்க வைக்கும் கிராஸோவர் கேம்களைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை அவை வெளியான முதல் வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகின்றன. அந்த வாரத்தில் எல்லோர் கண்ணும் பட்டியல் மீதுதான் இருக்கும்: யார் யார் வந்திருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள், இனி யார் வரக்கூடும் என்பதே பேச்சு. ஆண்டுக்கணக்கில் விளையாடும்போது அந்தப் பட்டியலின் மவுசு குறைந்துவிடுகிறது. பெயரையும் முகத்தையும் உரிமம் வாங்கிக் கொண்டுவந்துவிடலாம். அந்தக் கதாபாத்திரம் தன் சொந்த கேமில் இயங்கிய விதத்தைப் புதிய இடத்தில் மறுபடி கட்டியெழுப்பத்தான் வேண்டும். அப்படிக் கட்டியெழுப்பப்பட்ட கேம்களுக்கே நான் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன். மற்றவை சில வாரங்களில் அலுத்துவிட்டன.

என் நேரத்தில் பெரும்பங்கு சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டுக்கே போயிருக்கிறது. 1999-இல் நின்டெண்டோ 64 கன்சோலில் 12 கதாபாத்திரங்களோடு தொடங்கிய இந்தத் தொடர், 2018 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த அல்டிமேட்டில், 2021 அக்டோபரில் கிங்டம் ஹார்ட்ஸின் சோரா கடைசியாகச் சேர்ந்தபோது, 89 பேரை எட்டியது. இத்தனை பேரும் ஒரே விதியின் கீழ் மோத முடிகிறதே, அதற்கான காரணம் அந்த எண்ணிக்கையை விடச் சுவையானது. வழக்கமான சண்டை கேம்களில் எதிராளியின் உயிர்க்கோடு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. இங்கே அடி விழ விழச் சதவீதம் ஏறும். சதவீதம் ஏற ஏற, அடுத்த அடியில் தூக்கியெறியப்படும் தூரமும் கூடும். மேடையின் எல்லைக்கு அப்பால் போனால்தான் உயிர் போகும். தாவுவது, தள்ளிவிடுவது, விளிம்பைப் பற்றிக்கொண்டு மேலேறி வருவது ஆகிய மூன்றும் எந்தத் தொடரிலிருந்து வந்தவருக்கும் பொருந்துபவை என்பதால், குழாய்களுக்கு மேல் குதித்தோடும் மாரியோவும் பெட்டிக்குள் ஒளிந்து பதுங்கும் மெட்டல் கியரின் ஸ்நேக்கும் ஒரே மேடையில் நிற்பது செயற்கையாகத் தோன்றுவதில்லை.

அந்தப் பொது விதிக்குள் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கணம் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூவிடம், மற்றவர்களைப் போலவே, ஒரு பொத்தானை அழுத்தினாலே ஹடூக்கன் என்ற ஆற்றல் உருண்டை வந்துவிடும். ஆனால் ஜாய்ஸ்டிக்கைக் கீழிருந்து முன்பக்கமாகக் கால் வட்டம் சுழற்றிய பிறகு பொத்தானை அழுத்தினால் அதே ஹடூக்கன் கூடுதல் வலுவோடு புறப்படும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பழகிய விரல்களுக்கு அது பலன் தருகிறது. பழகாதவரை அது தடுப்பதில்லை. இருவர் மட்டும் மோதும் ஆட்டங்களில் அவர் தானாகவே எதிராளியின் பக்கம் திரும்பி நிற்பதும், தனியாக ஆடும் கிளாசிக் மோடில் அவருக்கான பாதை சதவீதத்தை விட்டுவிட்டு உயிர்ப்புள்ளிகளை வைத்து நடப்பதும் அவர் எங்கிருந்து வந்தவர் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகின்றன.

டிராகன் குவெஸ்ட்டின் ஹீரோ இன்னும் விநோதமானவர். அவர் புறப்பட்டு வந்த கேம், பட்டியலில் கட்டளையைத் தேர்ந்தெடுத்து முறை வைத்து ஆடும் வகையைச் சேர்ந்தது. அந்தப் பட்டியலையே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஜாய்ஸ்டிக்கைக் கீழே தள்ளிச் சிறப்புப் பொத்தானை அழுத்தினால், நான்கு மந்திரங்கள் அடங்கிய சிறு பட்டியல் சண்டை நடுவிலேயே திறக்கும். எவை வரும் என்பது அதிர்ஷ்டம். மந்திரத்துக்கு மந்திரம் எம்.பி. என்ற மந்திரசக்திப் புள்ளிகள் கரையும். எதிராளி பாய்ந்து வந்துகொண்டிருக்கும்போது நான்கு வரிகளையும் படித்து முடிவெடுக்க வேண்டிய அந்தக் கணம், நிதானமாக யோசித்து ஆடும் ஒரு கேமை அவசரத்துக்குள் தள்ளிவிட்ட வேடிக்கை. அதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. அவருடைய ஸ்மாஷ் தாக்குதல்கள் எட்டில் ஒரு வாய்ப்பில் வழக்கத்தைவிடப் பெரும் வலுவோடு விழுகின்றன. மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறது என்று மெச்சலாம். அந்த எட்டில் ஒன்றுக்குப் பலியாகி ஆட்டத்தைத் தோற்றவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

இதற்கு மறுகோடியில் இருப்பது ஃபோர்ட்நைட். அங்கே சூப்பர் ஹீரோவாக உருமாறினாலும், வாழைப்பழமாக உருமாறினாலும், வழக்கமான ஆட்டத்தில் சுடுவதும் ஓடுவதும் கட்டுவதும் ஒன்றுதான். யாருக்கும் அநியாயமான பலம் கிடைப்பதில்லை என்பது அதன் நேர்மை. ஆனால் கிராஸோவர் என்று அதை அழைக்க எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. உடை மாற்றும் அறை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். விதியையே தவறாகத் தேர்ந்தெடுத்த உதாரணமும் உண்டு. 2012-இல் வந்த பிளேஸ்டேஷன் ஆல்-ஸ்டார்ஸ் பேட்டில் ராயலில் கதாபாத்திரங்கள் நன்றாகவே வேறுபடுத்தப்பட்டிருந்தன; ஆனால் சாதாரண அடிகள் எதிராளியை வீழ்த்துவதில்லை, சூப்பர் தாக்குதலுக்கான மீட்டரை மட்டுமே நிரப்புகின்றன, சூப்பர் தாக்குதல் பட்டால்தான் உயிர் போகும். ஒவ்வொரு அடிக்கும் உடனடி விளைவு இல்லாத சண்டையில் காட் ஆஃப் வார் நாயகன் கிரேட்டோஸ் வந்தாலும் சூடு பிறப்பதில்லை.

பட்டியல் நீள நீளச் சமநிலை கெடுவது இந்த வகைக்குக் கூடவே பிறந்த நோய். 2000-இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 என்ற சண்டை கேமில் 56 பேர் உண்டு. உயர்மட்டப் போட்டிகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் ஆகிய நால்வரையும் அவர்களுக்குக் கைகொடுக்கும் சில துணைகளையும்தான். நண்பர்கள் கூடி விளையாடும்போது இது உறுத்துவதில்லை. 56 பேரையும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்து, ஒருங்கிணைவே இல்லாத மூவர் அணிகளை அமைத்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். ஒருவர் மட்டும் தீவிரமாகக் கற்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சிரிப்பு குறையும். அல்டிமேட் இந்த விஷயத்தில் வெகு தூரம் தேறியிருக்கிறது. பல்வேறு கதாபாத்திரங்களைக் கொண்டு பெரிய போட்டிகளை வென்றிருக்கிறார்கள். ஆனாலும், மைன்கிராஃப்டின் ஸ்டீவ் 2020-இல் வந்து, தரையைத் தோண்டிப் பொருள் சேர்ப்பதும் அந்தரத்தில் கட்டை வைத்து நிற்பதுமாகத் தன் கேமை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தபோது, அந்த விசுவாசமே மற்றவர்களின் விதிகளை மீறிச் சென்றது. சில போட்டிகளில் அவரைத் தடையே செய்துவிட்டார்கள். புதிதாக வருபவருக்கு வேறொரு சுமை. தன் கதாபாத்திரத்தைக் கற்றால் போதாது, எதிரே வரக்கூடிய எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் ஓரளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் எட்டுப் பேரை மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களை விளையாட விளையாடத் திறக்கும் ஏற்பாட்டை முன்பு சலிப்பாகக் கருதினேன். புதியவர்களோடு விளையாடிப் பார்த்த பிறகு அதன் நியாயம் விளங்கியது.

அறியாத தொடர்களை அறிமுகப்படுத்துவது இந்த வகையின் பெரிய கொடை. 2001-இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயில் மார்த்தும் ராயும் தோன்றியபோது, அவர்களுடைய ஃபயர் எம்பளம் தொடர் ஜப்பானுக்கு வெளியே விற்கப்படவே இல்லை. ராய் நாயகனாக வரும் கேம் ஜப்பானிலேயே அப்போது வெளியாகியிருக்கவில்லை. சொந்த வீட்டுக்குக் குடிபோகும் முன்பே விருந்துக்கு வந்துவிட்டவர் அவர். 2003-இல் அந்தத் தொடர் மற்ற நாடுகளுக்கும் வந்ததற்கு மெலீ கிளப்பிய ஆர்வத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். எனக்கும் ஸீனோபிளேட் தொடரை அறிமுகப்படுத்தியது அதன் நாயகன் ஷல்க்தான். இந்த இடத்தில் அல்டிமேட் ஒரு படி பின்வாங்கியிருப்பதைச் சொல்லியாக வேண்டும். முந்தைய பாகங்களில் சேகரித்த கோப்பைகளோடு அந்தக் கதாபாத்திரம் யார், எந்த கேமில் வந்தது என்ற சிறு குறிப்பு இருந்தது. அல்டிமேட்டில் அவற்றின் இடத்துக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிரிட்களில் படமும் பெயரும் தொடரின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஊர்பேர் சொல்லாமல் நகர்ந்துவிடுவது போன்ற குறை அது. ஓரளவுக்கு அதை ஈடுகட்டுவது எண்ணூறுக்கும் மேற்பட்ட இசைத்துண்டுகள். கையடக்க முறையில் திரையை அணைத்த பிறகும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். விளையாடாத நாட்களிலும் நான் அந்த வசதியைப் பயன்படுத்துகிறேன்.

கதை என்று வரும்போது சண்டை கேம்கள் பொதுவாகக் கைவிரித்துவிடும். கதையை நம்பி நிற்பவற்றில் எல்லோரும் முதலில் சொல்வது 2002-இல் டிஸ்னியும் ஸ்கொயரும் சேர்ந்து தொடங்கிய கிங்டம் ஹார்ட்ஸ். டொனால்டும் கூஃபியும் துணைக்கு வர, சோரா என்ற சிறுவன் டிஸ்னி உலகங்களைச் சுற்றிவருகிறான் என்ற கரு இன்றும் இனிக்கிறது. ஆனால் பல உலகங்களில் தெரிந்த திரைப்படத்தின் கதையே சுருக்கி நடத்தப்படுகிறது. சோரா ஓரமாக நின்று தலையாட்டுகிறான். மூன்றாம் பாகத்தில் டாய் ஸ்டோரி உலகத்துக்குப் புதிதாக ஒரு கதை எழுதப்பட்டு, பொம்மைகளோடு சேர்ந்து அவனும் பொம்மையாகிவிடும்போது, எல்லா உலகங்களும் இப்படி இருந்திருக்கலாமே என்று தோன்றியது. மையக் கதையோ 2005-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் 2019-இல் வந்த மூன்றாம் பாகத்துக்கும் நடுவே டிஎஸ், பிஎஸ்பி, 3டிஎஸ் என்று வெவ்வேறு கன்சோல்களில் சிதறிக் கிடந்தது. பின்னாளில் தொகுப்புகள் வந்ததால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் விளையாட முடிகிறது; புரிந்துகொள்ளும் வேலை மட்டும் குறையவில்லை.

என் கணிப்பில், கலப்பதைக் கதையளவில் ஒழுங்காகச் செய்வது சூப்பர் ரோபோட் வார்ஸ்தான். 1991-இல் கேம் பாயில் தொடங்கிய இந்த உத்தித் தொடரில் கன்டம், மசிங்கர், கெட்டர் போன்ற ரோபோ அனிமேக்களின் கதைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னப்படுகின்றன. ஒரு தொடரின் வில்லன் இன்னொரு தொடரின் ஆய்வுக்கூடத்தைத் தாக்குவான். மூலத்தில் இறந்துபோகும் ஒருவரை, சில நிபந்தனைகளை நிறைவேற்றினால், இங்கே காப்பாற்றிவிடலாம். அந்த அனிமேவைப் பார்த்துக் கலங்கியவர்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்று விளக்க வேண்டியதில்லை. சந்திப்பினால் இரு தரப்பும் மாறுகின்றன என்பதே இதன் பலம். குறைகளும் இல்லாமலில்லை: உரையாடல்கள் நீளமானவை, பெரும்பாலும் எளிதாக வென்றுவிடலாம், மூலத் தொடர்களை அறியாதவருக்குப் பாதி உணர்ச்சி எட்டாது. உரிமச் சிக்கல்களால் நெடுங்காலம் பெரும்பாலும் ஜப்பானைத் தாண்டாமல் இருந்த இத்தொடர், 2021-இல் வந்த 30 என்ற பாகத்தில்தான் ஸ்டீம் என்ற கணினி கேம் கடை வழியாக உலகம் முழுவதற்கும் கிடைத்தது.

உரிமம் என்ற சொல் வந்துவிட்டதால், நெடுநாள் பயனரை அதிகம் கவலைப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கிராஸோவர் கேமில் உள்ளவை பெரும்பாலும் இரவல் பொருள்கள். இரவலுக்குக் கெடு உண்டு. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-இன் டிஜிட்டல் பதிப்பு 2013-இன் இறுதியில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2024-இல் ஒரு தொகுப்பின் பகுதியாகத்தான் திரும்பி வந்தது. மங்கா நாயகர்கள் மோதும், 2019-இல் வெளியான ஜம்ப் ஃபோர்ஸின் டிஜிட்டல் விற்பனை 2022 பிப்ரவரியில் நின்றது, அதே ஆண்டு ஆகஸ்டில் அதன் ஆன்லைன் சேவையும் நின்றது. வார்னர் பிரதர்ஸ் கதாபாத்திரங்கள் மோதும் மல்டிவெர்சஸ் 2022-இல் வெள்ளோட்டமாகத் தொடங்கி, 2023-இல் நிறுத்தப்பட்டு, 2024 மே மாதம் மீண்டும் வந்து, 2025 மே 30-ஆம் நாள் மூடப்பட்டது. மூடும்போது, கடைசிப் பருவத்தில் உள்நுழைந்து கேமைத் தரவிறக்கி வைத்திருந்தவர்கள் ஆஃப்லைனில் தொடர்ந்து விளையாட வழி செய்தார்கள். இந்தத் துறையில் அதுவே பெரிய மரியாதை. எனக்கு அந்த மரியாதை ஒவ்வொரு முறையும் கிடைத்துவிடவில்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கேமில் காசு கொடுத்து வாங்கிய கதாபாத்திரங்களின் படங்கள் தேர்வுத் திரையில் இன்னும் இருக்கின்றன. சர்வர் போய்விட்டதால் எல்லாவற்றின் மீதும் பூட்டுச் சின்னம் தொங்குகிறது, கேள்வி கேட்க ஆளும் இல்லை.

இந்த வகையில் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பட்டியலைப் பார்க்கும் முன், இணையம் இல்லாமல் எவ்வளவு இயங்கும், ஒரே திரையில் எத்தனை பேர் ஆடலாம், பின்னாளில் வந்த சேர்க்கைகள் எங்கே இருக்கின்றன என்ற மூன்றையும் விசாரித்துவிடுவது நல்லது. அல்டிமேட் முதல் இரண்டிலும் தேறுகிறது: இணையமே இல்லாமல் எட்டுப் பேர் வரை ஒரே திரையில் மோதலாம். மூன்றாவதில் ஒரு சங்கடம் உண்டு. பின்னாளில் 12 தொகுப்புகளாக வந்த கதாபாத்திரங்கள் கார்ட்ரிட்ஜில் கிடையாது; அவை வாங்கியவருடைய கணக்கோடு இணைந்த தரவிறக்கங்கள். எனவே பழைய கார்ட்ரிட்ஜை வாங்குபவருக்கு ஹீரோவோ ஸ்டீவோ சோராவோ கூடவே வரமாட்டார்கள். அவர்களை விரும்புபவர்கள் அவை கடையில் இருக்கும்போதே வாங்கி, கன்சோலிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம்.