பழைய டீசல் பஜேரோவில் தண்ணி பேட்டரி: 2023-இலிருந்து இன்றுவரை

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் டீசல் வண்டிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இரண்டில்தான் வந்து நிற்கும்: ஒன்று எண்ணெய் விலை, இன்னொன்று பேட்டரி. எண்ணெய் விலைக்கு நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. பேட்டரியைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னுடையது மிட்சுபிஷி பஜேரோ, 2.5 டர்போ டீசல், 4டி56 எஞ்சின். 2023 பொங்கல் கழிந்ததும் அதற்குத் தண்ணி ஊற்றும் ரகப் பேட்டரி ஒன்றைப் போட்டேன். கடையில் நின்றவர்கள் ‘இந்தக் காலத்தில் போய் இதையா’ என்று பார்த்தார்கள். அது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. அதற்கு முன் இருந்தது விலை கூடிய எம்.எஃப். பேட்டரி, மூடி திறக்க வேண்டியதே இல்லாத ரகம். ஒரு வருஷம் தாண்டிச் சில மாதத்தில் படுத்துவிட்டது. வாரண்டியும் அதற்குள் முடிந்திருந்தது.

அந்த எம்.எஃப். மட்டமான சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். அதே பேட்டரி பக்கத்து வீட்டு மைவி காரில் நன்றாக ஓடுகிறது. என் வண்டியில் ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் ஃபோர்மென் அண்ணன். முன்பு தோட்டத்து டிராக்டர், லோரி எல்லாம் பார்த்தவர், இப்போது வீட்டோடு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். “தம்பி, பேட்டரியைத் திட்டாதே. முதல்ல வண்டி அதுக்கு என்ன சோறு போடுதுன்னு பாரு” என்றார். எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, ஏர்கோன், முன்விளக்கு இரண்டையும் போட்டு, ஐட்லிங்கில் மல்டிமீட்டரை வைத்தார். 13.6 வோல்ட். விளக்கையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டுக் கொஞ்சம் மிதித்தால் 13.9. அதற்கு மேல் ஏறவே இல்லை.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. எம்.எஃப். பேட்டரியின் ஈயத் தகட்டில் கால்சியம் கலப்பார்கள். அதனால் தண்ணீர் குறைவாக வற்றும், நாம் மூடி திறக்க வேண்டாம். ஆனால் அது முழுதாக ஏற 14.4 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது ஆல்டர்னேட்டர்; பழைய ஆல்டர்னேட்டர்களில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அந்த அளவுக்குக் கொடுப்பதில்லை. அதிலும் சூடு ஏற ஏற வோல்ட்டைக் குறைப்பதுதான் அதன் வேலை. நம் ஊர் வெயிலில், போனட்டுக்குள் கை வைக்க முடியாத சூட்டில், அது குறைத்துக்கொண்டேதான் இருக்கும். ஆக, பேட்டரி எப்போதும் முக்கால் வயிற்றோடுதான் கிடக்கும். பல மாதம் அப்படியே கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு வராது. தண்ணி பேட்டரியில் தகட்டுக்கு ஆன்டிமனி கலப்பார்கள். தண்ணீர் வற்றும், உண்மைதான். ஆனால் 13.8, 14 வோல்ட்டிலேயே ஓரளவு நிறைந்துவிடும்.

ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டால் போச்சு என்று கேட்பீர்கள். 4டி56-இல் பிரேக்குக்கான வேக்கம் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். டீசல் எஞ்சின் தானாக வேக்கம் தராது என்பதால் அப்படி ஒரு அமைப்பு. எஞ்சின் ஆயில் அதற்குள் போய் வரும். அந்த சீல் தேய்ந்தால் ஆயில் கார்பன் பிரஷ்ஷில் இறங்கி சார்ஜிங் போய்விடும். பம்ப்போடு சேர்த்து நல்லதாக ஒன்று வாங்கப் பேட்டரியைவிடப் பல மடங்கு செலவு. என்னுடையது ஒழுகவில்லை. ஓடுகிற சாமானை ஏன் கழற்ற வேண்டும்?

அளவுக்கு வருவோம். டீசல் எஞ்சின் ஸ்பார்க் இல்லாமல், காற்றை இறுக்கி அந்தச் சூட்டிலேயே எரிக்கிறது. 4டி56-இல் அந்த இறுக்கம் 21-க்கு 1. சாதாரணப் பெட்ரோல் காரில் பத்துக்கு ஒன்று சுமாராக இருக்கும். அதைச் சுற்ற ஸ்டார்ட்டர் எவ்வளவு இழுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றிக் கொடுக்கும் குளோ ப்ளக் நாலும் வேறு குடிக்கும். அதனால் பேட்டரி உட்காரும் தட்டில் என்ன அளவு இருந்ததோ அதைவிடச் சின்னதாகப் போகவே கூடாது. என் தட்டில் இருப்பது என்70 அளவு, 70 ஆம்பியர்-மணி. பேட்டரி மேல் 95டி31எல் என்ற மாதிரி எழுதியிருக்குமே, அது ஜப்பான் முறை. முதல் எண் திறன். ‘டி’ அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும், அடுத்த 31 நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்துதான் ஆளைக் கவிழ்க்கும்: முனைகள் உள்ள பக்கத்தை நம்மைப் பார்க்க வைத்தால், நெகட்டிவ் இடக்கைப் பக்கம் வந்தால் எல், வலக்கைப் பக்கம் வந்தால் ஆர். எழுத்து மாறி வாங்கினால் வயர் எட்டாது. எட்ட வைக்கப் பேட்டரியைத் திருப்பி வைத்து, பாசிட்டிவ் முனை போனட் கம்பியோடு உரசுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பழைய பேட்டரியின் மேல்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், வாய் வலிக்காது.

டவுனில் பேட்டரிக் கடை முதலாளி தௌக்கே கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, பாசா கா, கெரிங் கா?” தண்ணி ஊற்றுவதா, ஊற்றாததா என்று மலாயில் கேட்கிறார். பாசா என்றதும் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சி.சி.ஏ. எண் பெரிதாகப் போட்ட ஒரு எம்.எஃப்.-ஐத்தான் இழுத்துக் காட்டினார். அந்த எண் எதைச் சொல்கிறது என்றால், பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே விழாமல், 30 வினாடிக்கு எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதை. சுங்கை சிப்புட்டில் விடியற்காலையில் ரொம்பக் குளிர்ந்தால் 22, 23 டிகிரி. கெமரன் மலையில் இருப்பவர்கூட அந்த எண்ணுக்காகக் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கத் தேவையில்லை. ஒரே அளவுள்ள இரண்டு பேட்டரியை ஒப்பிட உதவும், அவ்வளவுதான். நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது சூடு. பத்து டிகிரி கூடினால் உள்ளே அரிப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

அமரோன், செஞ்சுரி, யுவாசா என்று அலமாரி நிறைய இருந்தது. அமரோன் திருப்பதிக்காரர்கள் கம்பெனி என்பதால் எங்கள் வீட்டில் அதற்குத் தனி மரியாதை உண்டு, அது வேறு கதை. நான் பிராண்டைவிடத் தேதியைத்தான் பார்த்தேன். அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த பேட்டரி தானே இறங்கியிருக்கும். மீட்டரை வைக்கச் சொல்லுங்கள், எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள். 12.6-க்கு மேல் இருந்தால் எடுக்கலாம். 12.4-க்குக் கீழே காட்டினால், ‘மாட்டினால் ஏறிவிடும்’ என்று யார் சொன்னாலும் வேண்டாம். முதலில் காட்டியது 12.3. இரண்டாவது 12.7, அதை எடுத்தேன். பழையதைக் கொடுத்துவிட்டு 300 வெள்ளிக்குள் முடிந்தது.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிடுவதுதான் சரி. தூண்டிலுக்கு ஈயம் வேண்டும் என்று வீட்டுப் பின்னால் உடைத்து உருக்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் நாட்டின் 2005 விதிமுறைகளில் ஈயப் பேட்டரிக் கழிவு எஸ்.டபிள்யூ.102 என்ற எண்ணில் ஆபத்தான கழிவுப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் புகை பிள்ளைகள் மூளைக்குப் போகும்.

மாட்டுவதைப் பட்டறையில் செய்தோம். நெகட்டிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவ்வை முடுக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது, அதற்குத்தான். முனைகளில் பூத்திருந்த பச்சை வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீரும் ஆப்ப சோடாவும் விட்டுக் கழுவி, துடைத்து, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினோம். பேட்டரியைப் பிடிக்கும் கொக்கிக் கம்பி ஒன்று துருவேறி அறுந்து போயிருந்தது. ஹார்ட்வேர் கடையில் மரை போட்ட கம்பி வாங்கி வளைத்துப் போட்டார். லிந்தாங் பக்கம் செம்பனைக்குள் போகும் செம்மண் பாதையில் ஆடுகிற பேட்டரி, உள்ளே தகடு உதிர்ந்தே சாகும்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் அடித்தால், புதுப் பேட்டரிக்கு இருக்க வேண்டிய வேகம் இல்லை. நான் குளோ ப்ளக்கைச் சந்தேகப்பட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்தின் மேலேயே அழுத்தி, மறு முனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்து, “அடி” என்றார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டர் 0.8 காட்டியது. நெகட்டிவ்விலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் வயர் நல்லதாக இருந்தால் 0.2-ஐத் தாண்டக் கூடாது. முக்கால் வோல்ட்டுக்கு மேல் அந்த ஒற்றை வயரிலேயே தொலைகிறது! வெளியே கறுப்பு உறை புதுசு போல இருந்தது. கத்தியால் கீறிப் பிரித்தால் செம்பு கம்பி அத்தனையும் பாசி பிடித்த மாதிரிப் பச்சை, விரலால் தேய்த்ததும் உதிர்ந்தது. லோரிக்குப் போடும் தடித்த வயரில் புதிதாக ஒன்று செய்து, எஞ்சினுக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று என்று போட்டார். மறுபடி அடித்தபோது 0.1. எஞ்சின் பிடித்த வேகத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வெள்ளிகூட ஆகவில்லை. பழைய வண்டிக்குப் பேட்டரி மாற்றும் ஆட்களில் பாதிப் பேர் முதலில் இந்த வயரைத்தான் மாற்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

குளோ ப்ளக்கையும் விடவில்லை. வயரைக் கழற்றி ஒவ்வொன்றாக ஓம் பார்த்ததில் இரண்டு செத்திருந்தன. நல்லது ஒரு ஓமுக்கும் கீழே காட்டும், செத்தது ஒன்றுமே காட்டாது. காலையில் நீளமாகச் சுற்றி வெள்ளைப் புகை விட்டுப் பிடித்தால் பேட்டரியை மட்டும் சொல்லாதீர்கள்.

இனி, பல மாதம் ஓட்டிப் பார்த்தது. மாதம் ஒருமுறை ஆறு மூடியையும் திறந்து பார்க்கிறேன். மழைக் காலத்தில் ஊற்ற வேண்டியதே இருக்காது, வெயில் காலத்தில் ஒவ்வொரு அறைக்கும் கொஞ்சம் குடிக்கும். தகட்டுக்கு மேல் ஒரு விரல் கனம் நின்றால் போதும், கழுத்துவரை ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்தான். ஏர்கோன் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு, அந்தக் காயிலில் இருக்கும் தூசியெல்லாம் பேட்டரிக்குள் எதற்கு?

தண்ணி பேட்டரியில் எனக்குப் பிடித்ததே, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட முடிவதுதான். எம்.எஃப்.-இல் இருக்கும் அந்தப் பச்சைக் கண், ஆறு அறையில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தில் ஒன்று செத்தாலும் அது பச்சையாகவே சிரிக்கும். இதில் ஆறையும் தனித்தனியாக அளக்கலாம். வெப்ப நாடுகளுக்கு விற்கும் பேட்டரியில் அமிலத்தைச் சற்று மெலிதாக ஊற்றுவது உண்டு என்பதால், முழு சார்ஜில் 1.240 பக்கம் காட்டினாலும் பயப்பட வேண்டாம். எண்ணைவிட ஆறும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதே முக்கியம். என்னுடையதில் இன்றுவரை ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

சோதனை வந்தது 2024 ஜூன் 10-க்குப் பிறகு. டீசல் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது. மாதம் 200 வெள்ளி உதவித்தொகை கிடைப்பவர்களும் சுருக்கித்தான் ஓட்டினார்கள். ஈப்போ போய் வந்துகொண்டிருந்த வண்டி பாசாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் என்று ஆனது. அந்தத் தூரத்தில் ஸ்டார்ட் அடித்த செலவையே ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்க முடியாது. கொஞ்ச நாளில் காலையில் மீட்டர் 12.3. போதாததற்குப் பழைய உரிமையாளர் வைத்த அலாரம் ஒன்று வேறு. வண்டியைப் பூட்டிவிட்டு அளந்தால் 0.18 ஆம்பியர் இழுத்தது, 0.05-க்குள் இருக்க வேண்டியது. ஒரு நாளைக்கு 4 ஆம்பியர்-மணி, பத்து நாள் நிறுத்தினால் பாதிப் பேட்டரிக்கு மேல் காலி. அலாரத்தைப் பிடுங்கிப் போட்டேன். தோட்டத்து வழியில் இந்தப் பஜேரோவை யார் திருடப் போகிறார்கள்? கூடவே, தானே நின்றுகொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரவு முழுக்கப் போட்டுவிடுவேன், போனட்டைத் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில். இப்போது காலையில் 12.6. ஸ்டார்ட் அடிக்கும்போது 10.4 வரை இறங்குகிறது. 9.6-க்குக் கீழே போனால்தான் கவலை.

குறை இல்லாமல் இல்லை. முனையைச் சுற்றி உப்பு பூப்பது நிற்கவில்லை, தட்டில் பெயின்ட் உரிந்து துரு வந்துவிட்டது. ஒருமுறை கழுவி மறுபடி அடித்தாயிற்று. அமிலத் துளி பட்ட ஒரு சட்டை வெளுக்கப் போட்டுத் திரும்பியபோது ஓட்டையோடு வந்தது. போனட் திறக்கும் பழக்கமே இல்லாதவர் இதை வாங்க வேண்டாம், வறண்ட தகடு ஒரே வெயிலில் செத்துவிடும். அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்திருக்கும் ஏ.ஜி.எம். ரகம் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சிக்னலில் எஞ்சின் தானே நின்று தானே ஓடும் புது வண்டிகளில்தான் அதை அதிகம் போடுகிறார்கள். விலையும் கூட, எஞ்சின் பக்கத்துச் சூடும் அதற்கு ஆகாது.

இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது நெகட்டிவ்வைக் கழற்றி ‘ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கா’ என்று பார்க்கும் பழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் குதித்து ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடைச் சுட்டுவிடும். கழற்றக் கை நீண்டால் தடுத்துவிட்டு, மீட்டரைக் கையில் கொடுங்கள்.

அடுத்த முறையும் இதே என்70 தண்ணி பேட்டரிதான் வாங்குவேன். அதற்குள் வேக்கம் பம்ப் சீல் போய் ஆல்டர்னேட்டரே மாற்ற நேர்ந்து, புதியது 14.4 கொடுத்தால் அப்போது எம்.எஃப். போடலாம்.