வீடியோ காலில் குதிகால் தெரியாது

ஊருக்குப் போன இரண்டாம் நாள் காலை அப்பாவின் சாக்ஸைக் கழற்றினேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, கொஞ்ச நேரம் கால் பிடித்துவிடலாமே என்றுதான் உட்கார்ந்தேன். இடது குதிகாலின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருந்தது. தொட்டால் சூடு. அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு இடது பக்கம் பலமில்லை, உணர்ச்சியும் குறைவு. ஓர் ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வந்து பதினோரு மாதம் ஆகிறது. அந்தப் பதினோரு மாதமும் நான் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் மேற்பார்வை பார்த்தவன். சவரம் செய்த முகம், துவைத்த சட்டை, சுருக்கமில்லாத படுக்கை விரிப்பு, இவற்றைப் பார்த்துவிட்டு நண்பர்கள் இரண்டு பேருக்கு அந்த ஏஜென்சியைச் சிபாரிசுகூடச் செய்திருந்தேன்.

படுக்கைப்புண் திடீரென்று வருவதில்லை. ஒரே இடத்தில் எடை அழுந்தி ரத்த ஓட்டம் தடைப்பட, முதலில் தோல் சிவந்து நிறம் மாறுகிறது. விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அதுதான் முதல் நிலை. மாநிறமும் கறுப்புமான நம் தோலில் இந்தச் சிவப்பும் வெளுப்பும் சரியாகப் புலப்படாது. சூடு, கெட்டி, மென்மை, வலி என்று தடவித்தான் பார்க்க வேண்டும். தோல் இன்னும் கிழியவில்லை என்பதால் அன்றைக்கு நாங்கள் தப்பித்தோம்.

அக்காவிடம் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. "நானும் பாத்தேன் தம்பி, மூணு நாளா இருக்கு. நோட்டுல எழுத எடமில்ல" என்றார்.

அந்த நோட்டு எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை அம்மா அதைப் படமெடுத்து அனுப்புவார். ரத்த அழுத்தம், மாத்திரை, குளியல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டது என்று கட்டம் கட்டமாக டிக் போட்டிருக்கும். நானும் திருப்தியாக மூடிவைப்பேன். இந்த முறை நேரில் விரித்துப் பார்த்தபோது டிக்குகள் மறுநாள் காலை வரைக்கும் ஓடியிருந்தன. இன்னும் வராத இரவில் அப்பாவை நான்கு முறை புரட்டியாகிவிட்டது!

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நல்லவேளை, அம்மா குறுக்கே வந்து, "முதல்ல ஒரு ராத்திரி நீ முழிச்சிருந்து பாரு, அப்புறம் பேசு" என்றார்.

முழித்திருந்தேன். பத்து மணிக்கு அக்கா கட்டிலின் சக்கரங்களைப் பூட்டி, உயரத்தைத் தன் இடுப்பளவுக்குச் சரிசெய்து, அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பலமில்லாத கையைப் பிடித்து இழுக்காமல், தோள்பட்டைக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத் திருப்பினார். விஷயம் தெரிந்தவர் செய்கிற வேலை அது. ஆனால் அப்புறம் அவர் எழுந்தது பன்னிரண்டரைக்கும் நாலு மணிக்கும்தான். நடுவில் ஒருமுறை அப்பா முனகியபோது அவருக்குக் கேட்கவில்லை. பகல் முழுக்க ஒற்றை ஆளாக வேலை செய்தவர் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு எழுந்து மறுபடி அடுப்படியும் குளியலறையும். பதினோரு மாதமாக வார விடுப்பு இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்துநாலு மணி நேரப் பராமரிப்பு என்று ஏஜென்சி விற்றது. ஒரு மனுஷி இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்க முடியாது என்ற கணக்கை, வாங்கிய நானும் போட்டுப் பார்க்கவில்லை.

1966-இல் அவேதிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர், சிகிச்சையின் தரத்தை எடைபோட மூன்று இடங்களைப் பார்க்கச் சொன்னார்: ஆளும் வசதியும் எப்படி இருக்கின்றன, வேலை எப்படி நடக்கிறது, கடைசியில் நோயாளிக்கு என்ன ஆனது. ஏஜென்சி எனக்குக் காட்டியதெல்லாம் முதல் வகை. பயிற்சிச் சான்றிதழ், பின்னணிச் சரிபார்ப்பு, ஒப்பந்தம். டிக் போட்ட நோட்டு இரண்டாவதைப்போல் வேஷம் போட்டது. மூன்றாவது, சாக்ஸுக்குள் இருந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டைக் கண் திறந்து பார்த்தேன். அப்பாவுக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைசுற்றல். மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் கொட்டி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வாசித்தேன். இரண்டு மருத்துவர்கள், இரண்டு அட்டைகள், இரண்டிலும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின். ஒன்றில் தனியாக, இன்னொன்றில் டெல்மிசார்டான் என்ற வேறொரு ரத்த அழுத்த மருந்தோடு சேர்த்து. எழுதிக்கொடுத்ததைச் சரியான நேரத்தில் அக்கா கொடுத்திருக்கிறார், அவர்மேல் குற்றமில்லை. மொத்தப் பட்டியலையும் ஒருவர் ஒன்றாக வைத்துப் பார்க்கவே இல்லை. நாங்களாக எதையும் நிறுத்தாமல் மருத்துவரிடம் கொண்டுபோனோம், அவர் ஒன்றை எடுத்துவிட்டார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்பாவின் வலது கை நன்றாக இருக்கிறது, கரண்டி பிடிக்கும். ஆனாலும் அக்கா ஊட்டிவிடுகிறார். சட்டைப் பொத்தானையும் அவரே போடுகிறார். பாசம் ஒரு பக்கம், சீக்கிரம் முடியும் என்பது இன்னொரு பக்கம். குளியல், உடை, கழிப்பறை, எழுந்து நகர்வது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு, சாப்பாடு என்று ஆறு விஷயங்களில் ஒருவர் தானாக எவ்வளவு செய்கிறார் என்று அளக்கும் காட்ஸ் பட்டியல் 1963-இலிருந்து இருக்கிறது. அக்கா வந்த மாதம் அப்பாவுக்கு அதை ஒருமுறை போட்டு வைத்திருந்தால், எதைச் செய்ய முடியாமல் போனார், எதைச் செய்ய விடாமல் போனோம் என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். பராமரிப்பு அதிகமாகித் தேய்ந்துபோன திறமை எந்த நோட்டிலும் புகாராக வராது.

ஏஜென்சி மேலாளரிடம் பேசினேன். மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து பார்க்கிறார் என்றார். கையெழுத்து இருந்தது, என்ன பார்த்தார் என்று ஒரு வரி இல்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார்? "அப்படி இதுவரை வந்ததில்லை சார்." புகார் இருந்தால் யாரிடம் சொல்வது? "என்கிட்டயே சொல்லலாம் சார்." மேலாளரைப் பற்றிய புகாரை மேலாளரிடமே சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

கடைசியாக, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அம்மாவையும் அக்காவையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். அவருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆமாம், இல்லை என்று சொல்கிற மாதிரிக் கேள்விகளாகக் கேட்டேன். வலிக்குதா, அதட்டுறாங்களா, பயமா இருக்கா, தனியா விட்டுட்டுப் போறாங்களா. எல்லாவற்றுக்கும் இல்லை. வேறு ஏதாவது சொல்லணுமா என்றதும் வெகுநேரம் வாயசைத்து ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: "நல்லவங்க. சுத்தம் பண்றப்ப... கதவ மட்டும்... சாத்தச் சொல்லு."

பதினோரு மாதம். அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று அக்கா கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன வேலைகள். அம்மா கையில் ஓர் அழைப்பு மணி, சாத்திய கதவு. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகால் எதன்மேலும் படாமல் மிதக்கும்படி வைத்தோம். கருத்த இடத்தைத் தேய்த்துவிடவில்லை, தேய்த்தால் உள்ளே இன்னும் சேதமாகும். பத்து நாளில் சூடு அடங்கி நிறம் திரும்பியது. இரவுக்கு வாரத்தில் நான்கு நாள் இன்னொருவர், அக்காவுக்கு ஒருநாள் முழு விடுப்பு. ஏஜென்சி முனகியது, செலவு கூடியது, ஒப்பந்தத்தை மாற்றி எழுதினோம். நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கினேன். அதில் கட்டங்களோடு 'செய்ய முடியாதது' என்று ஒரு பத்தியும் கோடு போட்டேன். அதில் எழுதினால் யாரும் திட்ட மாட்டோம் என்று அக்காவிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் நம்பவில்லை. ஒரு வாரம் அந்தப் பத்தி காலியாகவே கிடந்தது.

கிளம்புகிற அன்று காலை, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'ராத்திரி 2 மணி, திருப்பவில்லை. தூங்கிவிட்டேன். 3.15-க்குத் திருப்பினேன். குதிகால் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.'