மேல்மலையில் கோடை முகாம்: பருத்தியா, பாலியெஸ்டரா, கம்பளியா?

மே மாதத்தில் வத்தலக்குண்டு வரை வேர்த்து வழிய வந்தவர்கள் கொடைக்கானல் ஏறியதும் ஸ்வெட்டர் தேடுவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் இருப்பதோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். பகலில் 20 டிகிரியை ஒட்டியும், இரவில் 12, 13 டிகிரியுமாக இருக்கும். அதைத் தாண்டி மேல்மலை எனப்படும் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் புல்வெளிப் பள்ளத்தில் டென்ட் போட்டால் இன்னும் குளிரும். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தங்கும்.

உலர்ந்த துணி உடம்பில் இருந்தால் 12 டிகிரியை எளிதாகத் தாங்கலாம். ஈரத் துணியோடு இருந்தால் 18 டிகிரியிலேயே பல் கிட்டும். கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும், பின்னாலேயே மூடுபனி இறங்கும். அதனால் துணியை எடுக்கும்போது தடிமனைப் பார்ப்பதைவிட, எவ்வளவு நேரத்தில் காயும் என்று பார்ப்பதே சரி. பையின் எடையும் தானாகக் குறையும்.

உடம்பை ஒட்டிய துணி

டி-ஷர்ட்டில் 180 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால், ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் என்று பொருள். நடுத்தர அளவு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் துணி பிடிக்கும். ஆகவே அந்த எண்ணையே அதன் எடையாகக் கொள்ளலாம். திருப்பூர்ப் பருத்தி டி-ஷர்ட் பெரும்பாலும் 160 முதல் 200. விளையாட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் 130, 140.

ஆனால் உண்மையான வித்தியாசம் நனைந்த பிறகுதான் தெரியும். பருத்தி இழை தண்ணீரை உள்ளுக்கே இழுத்துக்கொள்ளும். கையால் இறுக்கிப் பிழிந்தாலும், கிட்டத்தட்டத் தன் எடைக்குச் சமமான தண்ணீர் அதில் நிற்கும். மூடுபனியில் அது மறுநாளும் காயாது. பாலியெஸ்டர் இழைக்குள் தண்ணீர் போகாது, இழைகளுக்கு இடையில் மட்டும் நிற்கும். பிழிந்து உதறினால் பெரும்பகுதி போய்விடும், காற்றிருந்தால் ஓரிரு மணி நேரத்தில் போடலாம். அதற்கும் இரண்டு குறை உண்டு. ஒரே நாளில் வேர்வை வாடை ஏறிவிடும். கேம்ப் ஃபயர் பொறி பட்டால் உருகி ஓட்டை விழும், உருகியது தோலில் ஒட்டினால் புண்ணாகும்.

மூன்றாவது மெரினோ கம்பளி, அதாவது மெரினோ என்ற செம்மறி இனத்தின் மெல்லிய கம்பளி. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் ஈரம் தெரியாது, மூன்று நாள் போட்டாலும் வாடை குறைவு, பொறிக்கு உருகாது. மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் வளர்வதும் மெரினோ வழி வந்த பாரத் மெரினோதான். மெல்லிய இழை என்பதால் உடம்பில் குத்தாது. ஆனால் பாலியெஸ்டரைவிடப் பல மடங்கு விலை, காயவும் அதைவிட அதிக நேரம் எடுக்கும். மலைக் கடைகளில் 'கம்பளி' என்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை அக்ரிலிக். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம்: கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியும், அக்ரிலிக் உருகி, கெட்டியான கறுப்பு மணியாகத் திரளும்.

எங்கள் தேர்வு: நடக்க முழுக்கை பாலியெஸ்டர் இரண்டு, காலுறை மட்டும் கம்பளியில். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும் என்பதால், குளுகுளு காற்றிலும் தோல் கன்றிப்போகும், முழுக்கை அதற்காகவும்தான். பருத்தி டி-ஷர்ட் ஒன்றே ஒன்று போதும், அதுவும் டென்ட்டுக்குள் தூங்க. பலர் செய்யும் தவறு ஒன்று: மேலே பாலியெஸ்டர் சட்டை, உள்ளே வழக்கமான பருத்திப் பனியன். வேர்வை முழுவதும் பனியனில் தங்கி, நடை நின்றதும் முதுகு சில்லிட்டுவிடும். மலையில் பனியனை விட்டுவிடுங்கள்.

தடித்த ஜாக்கெட்டா, இரண்டு மெல்லிய அடுக்கா?

தடித்த ஜாக்கெட் 900 கிராம் வரை வரும், பையில் பாதியை அடைக்கும், பகலில் வெறும் சுமை. அதே வேலையை 300 கிராம் ஃப்ளீஸும் (பஞ்சுபோல் மென்மையான பாலியெஸ்டர் மேலாடை) 300 கிராம் மழை ஜாக்கெட்டும் சேர்ந்து செய்யும். ஃப்ளீஸ் தனியாக இருந்தால் காற்று ஊடுருவும். மேலே மழை ஜாக்கெட்டைப் போட்டதும் சூடு நிற்கும். இறகு ஜாக்கெட் இன்னும் இலேசானது என்றாலும் நனைந்தால் இறகு கட்டிக்கொண்டு சூடு போய்விடும். மூடுபனி இறங்கும் மேல்மலைக்கு அது பொருந்தாது.

மழைக்குப் பான்ச்சோவை, அதாவது தலைவழியே மாட்டும் தளர்ந்த மழைப் போர்வையை, விரும்புவோர் உண்டு. பையையும் சேர்த்து மூடும், உள்ளே புழுங்காது. ஆனால் திறந்த புல்வெளிக் காற்றில் பட்டம்போல எழும்பும், அதைப் போட்டுக்கொண்டு டென்ட் கயிறு கட்ட முடியாது. மழை ஜாக்கெட் மாலைக் காற்றுக்கும் ஆகும் என்பதால் எங்கள் ஓட்டு அதற்கே. குடை வேண்டாம்; இடி மழையில் புல்வெளியில் குடையோடு நிற்பது ஆபத்து.

கீழாடையும் துண்டும்

ஜீன்ஸ் எடுக்கவே வேண்டாம். 700 கிராம் ஜீன்ஸ் நனைந்தால் ஒரு கிலோவைத் தாண்டும், இடுப்புப் பட்டியும் தையலும் மறுநாளும் காயாது. 300 கிராம் நைலான் டிராக் பேன்ட் போதும். சுடிதாரில் வருபவர்களுக்கும் இதுவே வசதி. சுடிதாரின் தளர்ந்த பருத்திக் கால்சட்டை காலைப் பனிப்புல்லில் முழங்கால் வரை ஈரம் ஏற்றும். துப்பட்டாவை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

டர்க்கி டவல் 500 கிராம், ஈரிழைத் துண்டு 120 கிராம். பருத்தியில் நாங்கள் மனதார ஆதரிப்பது இந்தத் துண்டைத்தான். துவட்டுவதோடு துணி உலர்த்தவும் உதவும்: பிழிந்த சட்டையைத் துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் மிச்ச ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு சட்டையைக் காலை வெயிலில் போட்டு, மேகம் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். இரவில் வெளியே கொடியில் விட்டால் பனியில் இன்னும் நனையும்.

இரண்டு இரவுக்குக் கூட்டிப் பார்த்தால்: பாலியெஸ்டர் சட்டை இரண்டு 280, இரவு உடை 350, ஃப்ளீஸ் 300, மழை ஜாக்கெட் 300, பேன்ட் 300, உள்ளாடை 180, காலுறை மூன்று ஜோடி 180, துண்டு 120, குல்லா 60. மொத்தம் 2,070 கிராம். இதில் இரவு உடையும் ஒரு ஜோடி காலுறையும் தூங்க மட்டுமே. அவற்றைத் தண்ணீர் புகாத, திரும்பப் பயன்படுத்தும் உறையில் சுருட்டிப் பையின் அடியில் வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருப்பதால் அதை நம்பி வராதீர்கள். மழையில் நனைந்து வந்தாலும், டென்ட்டுக்குள் நுழைந்து துவட்டிய பிறகே அந்த உறையைத் திறக்க வேண்டும்.